ஒரு வரி கீழே

“கீழ் வீட்டுல ஒரு பொண்ணு சும்மாதான் இருக்கும், அதுகிட்ட குடுத்துட்டுப் போங்க.” மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டு மறுபடி பேங்குக்குக் கிளம்பிய மாடிவீட்டு ரெஜினா அக்கா, படியிறங்கிக்கொண்டே கூரியர்காரனிடம் போனில் சொன்னது இது. படிக்கட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம், சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த குழலிக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. அக்கா குரலில் குத்தல் எதுவும் இல்லை. கீழே ஒரு பெஞ்சு கிடக்கும், அதுமேல வெச்சுட்டுப் போங்க என்பதுபோல அத்தனை சாதாரணமாக இருந்தது. குத்தலாகச் சொல்லியிருந்தால் கோபப்படலாம். கோபம் வந்தால் கொஞ்சம் தெம்பாவது வரும். செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியது, வண்டி உறுமியது, தெரு அதை விழுங்கிக்கொண்டது. சும்மா என்ற அந்தச் சொல் மட்டும் கீரை நார் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டதுபோல உள்ளேயே நின்றது. நாக்கால் தள்ளத் தள்ள இன்னும் உள்ளே போனது. அக்காவிடம் கோபப்படவும் முடியாது. இந்த இடுக்கில் அவள் உட்கார்ந்திருப்பதே அக்காவின் தயவில்தான். மாடிவீட்டு வைஃபை கீழ் வீட்டில் இந்த ஒரு இடத்தில்தான் கிடைக்கும், சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்தால். பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தபோது அக்கா சிரித்துக்கொண்டே, என் பார்சல் வந்தா வாங்கி வைடா என்று சொல்லியிருந்தாள். அதனால் பார்சல் வந்தால் குழலி எழுந்துதான் ஆக வேண்டும்.

திரையில் சிவப்புப் பட்டை அப்படியே நின்றது. காலையில், கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய தாள்களின் தொகுப்பைத் திறந்தபோதே வந்தது. ஒரு பக்கத்தில் இரண்டு பதிவுகளும் ஒத்துப்போகவில்லை, இன்று மாலை ஆறு மணிக்குள் பதில் தரவும். அதன் கீழே இரண்டு பொத்தான்கள். இடது பக்கம், என் பதிவு தவறு. வலது பக்கம், என் பதிவு சரி. இந்த வேலையில் ஒவ்வொரு தாளையும் இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். ஏதோ ஓர் ஊரில் குடிநீர்க் குழாய் போட வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த தாள்கள். பேனாவில் எழுதியதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். பெயர், வயது, தொழில். குழலி இங்கே உறையூரில் உட்கார்ந்து அதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, எங்கேயோ இன்னொருத்தர் அதே தாளைப் பார்த்து அதையே தட்டிக்கொண்டிருப்பார். அவருக்குப் பெயர் கிடையாது, ஓர் எண்தான். இரண்டும் ஒன்றாக இருந்தால் கம்ப்யூட்டர் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தால் அந்தத் தப்பும் உண்மைதான். மாறினால்தான் இந்தச் சிவப்பு. தவறு என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் அவருடைய தொகுப்பு முழுவதும் திரும்பிவிடும், அதற்குக் காசு கிடையாது, ஆனால் வேலையில் இருக்கலாம். சரி என்று இரண்டு பேருமே நின்றால் அலுவலகத்தில் யாரோ பார்ப்பார்கள், தோற்றவருக்குக் கணக்கையே மூடிவிடுவார்கள். இரண்டு பேருமே தவறு என்றாலும் அலுவலகத்தில் பார்த்து, தாளோடு ஒத்துப்போகிற பதிவை எடுத்துக்கொள்வார்கள். யாருமே பதில் சொல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் போச்சு. செய்ய வேண்டியதெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து, தாளையும் தன் பதிவையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்ப்பது. காலையிலிருந்து அதைத்தான் அவள் செய்யவில்லை. மற்ற பக்கங்களைத் தட்டினாள், அம்மாவுக்குத் துவையல் அரைத்துக் கொடுத்தாள், துணி உலர்த்தினாள். பரீட்சை முடிவு வந்திருக்கிறது என்று தெரிந்தும் பேப்பரைப் பிரிக்காமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி. திறக்காத வரைக்கும் தப்பு யாருடையதாகவும் இருக்கலாம்.

இது மூன்றாவது தொகுப்பு. முதல் இரண்டும் திரும்பி வந்தன. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே சொல்லிவிட்டான். “இந்தத் தடவையும் காசு வரலேன்னா திங்கக்கிழமை ஸ்கேன் சென்டர்ல போய் உட்காரு. நான் பேசிட்டேன். கண்ணைக் கெடுத்துக்கிட்டு இதென்ன பொழப்பு.” அவன் கத்தவில்லை. அப்பா போனதிலிருந்து அவன் எதையும் கத்திச் சொல்வதில்லை, முடிந்துபோன விஷயத்தைச் சொல்வதுபோலத்தான் சொல்வான். அந்த ஸ்கேன் சென்டரை அவள் பார்த்திருக்கிறாள். அம்மாவுக்கு வயிற்றில் ஸ்கேன் எடுக்கப் போனபோது ஒரு காலை முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தாள். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு அவள் வயதுதான் இருக்கும். கூடம் நிறைய ஆட்கள். அந்தப் பெண் எழுந்து நின்று, “பழனியம்மா, யூரின் முட்டுதா? முட்டினாத்தான் உள்ள விடுவாங்க” என்று கூப்பிட்டாள். சுவரோரம் இருந்த ஒரு பெண் தலையைக் குனிந்தபடி இன்னும் இல்லை என்று கையை ஆட்டினாள். அப்படின்னா இன்னும் ஒரு பாட்டில் குடிங்க என்று பதில் போனது. அத்தனை பேரும் பழனியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து ஒரு புதுத்தாலிக்காரியிடம், கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க என்று கவுண்டரைத் தாண்டிக் கேட்டாள். அந்தப் பெண் புருஷன் முகத்தைப் பார்த்தாள், அவன் மின்விசிறியைப் பார்த்தான். கவுண்டர்க்காரி யாரையும் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. குழலிக்கு அப்போது மனதில் ஓடியதெல்லாம், அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்திருந்தால் என்ற ஒன்றுதான். பழனியம்மா என்று கூப்பிட வாயைத் திறப்பாள், காற்றுதான் வரும். திரும்பிப் பார்க்கும் அத்தனை தலைகளும் பழனியம்மாவை விட்டுவிட்டு அவளைப் பார்க்கும்.

கல்லூரியில் உள்ளேன் என்று சொன்னது மேடத்துக்குக் கேட்காமல் ஆப்சென்ட் விழுந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு செமஸ்டர் முழுக்க. கேட்டிருக்கும் என்று நினைத்து உட்கார்ந்திருந்தாள், கேட்கவில்லை என்று தெரிந்தபிறகும் எழுந்து சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் வருகை போதாது என்று அபராதம் கட்டித்தான் பரீட்சை எழுதினாள். ஒரு நாள்கூட லீவு போடாத பெண். மட்டுவார்குழலி என்று மலைக்கோட்டை அம்மன் பேரை வைத்துவிட்டு அதைச் சத்தமாகச் சொல்ல ஒரு தொண்டையை வைக்காமல் விட்டுவிட்டார்கள். பார்ப்பதற்கு மட்டும் கண் உண்டு. மேடம் ஒவ்வொரு புதன்கிழமையும் ஒரே புடவை கட்டுவது, முன் பெஞ்சுக்காரி அழுதுவிட்டு வந்தால் பவுடர் அதிகமாகப் போட்டிருப்பது எல்லாம் தெரியும். தெரிந்து என்ன. கணக்கில் முதல் வகுப்பு வாங்கி என்ன. பேசத் தேவையில்லை, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அந்த விளம்பரத்தைப் படித்த அன்று, யாரோ தன்னைப் பார்த்துவிட்டே எழுதியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. இப்போது கண்ணில் எப்போதும் மண் விழுந்த மாதிரி ஓர் உறுத்தல். மணிக்கட்டை ராத்திரி உப்புப் போட்ட வெந்நீரில் வைக்க வேண்டியிருக்கிறது. கூடப் படித்தவள் போனில் என்ன பண்ற என்று கேட்டாள், சொன்னாள். ஓ, வீட்லயா. அந்த ஓவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வெளியே போகிற பெண்ணுக்கு ஒரு டிபன் பாக்ஸ் இருக்கிறது, பஸ் இருக்கிறது, திரும்பி வந்ததும் கால் நீட்டி உட்கார்ந்தால் அம்மா காபி கொண்டுவந்து கொடுப்பாள். குழலி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து அம்மாவுக்குக் காபி போடுவாள். வேலைக்குப் போகிறவள் என்றால் எங்காவது போக வேண்டும் போலிருக்கிறது. போகாமலே செய்கிற வேலைக்குப் பெயர் சும்மா. அப்படியென்றால் இதையெல்லாம் விட்டுவிட வேண்டியதுதானே. விட்டால் திங்கட்கிழமை. திங்கட்கிழமை பழனியம்மா.

முன்னறையிலிருந்து அம்மா, அந்தப் பாலைக் கொஞ்சம் பாரேன் என்றாள். குழலி எழுந்துபோய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். திரும்பி வந்து உட்காரும்போது ஒரு கணம் எங்கே விட்டோம் என்று கண் தடுமாறும், எப்போதும் அப்படித்தான், எழுந்த இடம் ஒன்று, வந்து உட்கார்கிற இடம் இன்னொன்று. சட்டென்று நினைவு வந்தது. வியாழக்கிழமை. வியாழக்கிழமைதான் கடைசியாக பார்சல் வந்தது. நீளமான பெட்டி. ஓடிபி சொல்லுங்க என்றான் கூரியர்காரன், அக்காவுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை, அவன் வாசலில் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றான், இவள் சாரி சாரி என்று சொல்லிக்கொண்டே மறுபடி மறுபடி போட்டாள். எல்லாம் முடிந்து உட்கார்ந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. அந்நியன் ஒருவனிடம் அத்தனை நேரம் நின்றதற்கே அப்படி. அந்தப் படபடப்போடுதான் தொடர்ந்து தட்டினாள். அது எந்தப் பக்கம். இந்தப் பக்கமாக இருக்காது. அன்றைக்கு எத்தனையோ பக்கங்கள் தட்டினாள், இதுவாகவே இருக்க வேண்டும் என்று என்ன. அந்த மற்றவருக்கும் வீடு இருக்கும், பால் இருக்கும், கதவு இருக்கும். முந்தைய தொகுப்புகளில் எதிர்ப்பக்கம் இருந்தவர்களின் தவறுகளை அவள் பார்த்திருக்கிறாள். எல்லாமே எழுந்துபோய்த் திரும்பி வந்தவருடைய தவறுகள். வரிசையாக நன்றாக வந்துகொண்டிருக்கும், நடுவில் ஒரு பெயர் பாதியில் நிற்கும். பாதிப் பெயரைப் பார்க்கும்போது யாரோ அவரைக் கூப்பிட்ட குரலே கேட்பதுபோல இருக்கும். பெண்தான் என்று குழலி எப்போதோ முடிவு செய்துவிட்டாள். ஆண் உட்கார்ந்து வேலை பார்த்தால் வீட்டில் யாரும் பாதியில் கூப்பிடமாட்டார்கள். உலகத்தில் குழலி என்ன செய்கிறாள் என்று முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதே கையெழுத்து, அதே டீக்கறை, கணக்கெடுத்தவன் கை மதியம் ஆக ஆக ஓய்ந்து எழுத்து சாய்வது, எல்லாம் அவளுக்கும் தெரியும். தொழில் என்ற கட்டத்தில் பெண்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுதச் சலித்து அவன் மேலிருந்து கீழாக ஒரே கோடாக இழுத்திருந்ததை அவளும் பார்த்திருப்பாள். அந்தக் கோட்டை ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு இல்லை என்று பிரித்துத் தட்டியிருப்பாள். இல்லை, இல்லை, இல்லை. எங்கள் வீட்டுக்கு அவன் வந்திருந்தாலும் கோடுதான்.

நிழல் ஜன்னல் கம்பியைத் தாண்டியிருந்தது. இனிமேல் தள்ளிப்போட முடியாது. குழலி பக்கத்தைத் திறந்தாள். இடது பக்கம் தாள், வலது பக்கம் இரண்டு வரிசைகள், அவளுடையதும் மற்றவளுடையதும். பாதிப் பக்கத்துக்கு மேல் எல்லாம் பச்சை, அதற்குக் கீழே வயது வரிசை முழுக்கச் சிவப்பு. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் பெயர்களை மேலிருந்து கீழே தட்டுவாள், பிறகு வயதுகளை மேலிருந்து கீழே. வேகமாக வரும். சாரதாம்பாள், வயது அறுபத்தெட்டு. தாளிலும் அறுபத்தெட்டு, இரண்டு பேர் பதிவிலும் அறுபத்தெட்டு. அடுத்த வரி, கவின், வயது மூன்று. மற்றவள் மூன்று என்று போட்டிருந்தாள். குழலி அறுபத்தெட்டு என்று போட்டிருந்தாள். அறுபத்தெட்டைத் தட்டிவிட்டு எழுந்திருக்கிறாள், ஓடிபி சொல்லுங்க, சாரி சாரி, வந்து உட்கார்ந்து மறுபடியும் அறுபத்தெட்டைத் தட்டியிருக்கிறாள். அங்கிருந்து எல்லா வயதும் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. குழந்தைக்குப் பாட்டி வயது. அதன் அப்பாவுக்கு மூன்று வயது. ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் பக்கத்துவீட்டுக் கிழவரின் வயது, அவளுடையது அடுத்த வரிக்காரருக்கு. ஒரு தெருவே அடுத்த வீட்டுக்காரர்களின் வயதைப் போட்டுக்கொண்டு நின்றது. கடைசி ஆளின் வயது போட இடமில்லாமல் பக்கத்துக்கு வெளியே விழுந்துவிட்டிருந்தது. அந்தக் கடைசி ஆள் ஒரு பெண், லில்லி மேரி, அவள் வயது எங்கேயும் இல்லை. குழலி திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். எங்காவது ஓரிடத்தில் மற்றவள் தப்பு செய்திருப்பாள் என்று விரல் தேடியது. மற்றவள் எதிலும் தவறவில்லை. அன்றைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை போலிருக்கிறது.

சரி என்று அழுத்தினால் என்ன ஆகும். அலுவலகத்தில் பார்ப்பவன் மனுஷன்தானே, அவனுக்கும் தூக்கம் வரும், அவன் இரண்டு வரிசையையும் மேலோட்டமாகப் பார்த்து விட்டுவிடலாம், இல்லை, விட மாட்டான், வரிசை இத்தனை கோணலாக நிற்கிறது, குருடனுக்கும் தெரியும். மூன்று வயதில் கவினுக்கு அப்பா. கணக்கை மூடிவிடுவார்கள். தவறு என்று அழுத்தினாலும் தொகுப்பு போச்சு, திங்கட்கிழமை வந்துவிடும். எதை அழுத்தினாலும் அந்த நாற்காலிதான். கவுண்டருக்குப் பின்னால் அது இவளுக்காகவே காத்திருக்கிறது, ரெக்ஸின் கிழிந்து பஞ்சு தெரிகிற நாற்காலி, அதைக்கூடப் பார்த்து வைத்திருந்தாள். அண்ணனிடம் சொல்லிப் பார்க்கலாம். என்ன சொல்வது. எனக்குக் கூப்பிட வராது என்றா. பழகினா வரும் என்பான். பழகினால் வரும்தான், பாம்போடுகூடப் பழகலாம். இந்த வேலை நல்ல வேலை என்று அவனிடம் எப்படிச் சொல்வது, அவளுக்கே அது தெரியவில்லை. இது வேலையா, ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கா. ஒளிந்துகொள்வதற்கும் பணம் தருவார்கள் என்றுதானே வந்தாள். ஒளிந்துகொண்ட இடத்திலும் கதவைத் தட்டுகிறார்கள், ஒளிந்துகொண்ட இடத்திலும் ஆறு மணி வருகிறது. அழுகை வந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது. கண் காய்ந்து எரிந்ததே தவிர அழுகை வரவில்லை. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். எதையும் அழுத்தாமல் இருந்தால் இரண்டு பேருக்கும் போச்சு, அதிலாவது துணைக்கு ஒருத்தி இருப்பாள் என்று ஒரு கணம் நினைத்து, நினைத்ததற்காகக் கூசினாள்.

அப்போது சிவப்புப் பட்டை பச்சையானது. மற்றவர் தன் பதிவு தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆறு மணிக்கு உங்கள் தொகுப்பு ஏற்கப்படும். நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. குழலி அதை மறுபடி மறுபடி படித்தாள். முதலில் வந்தது குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்த மாதிரி ஒரு சுகம், உடம்பு முழுக்க. திங்கட்கிழமை இல்லை. பழனியம்மா இல்லை. அண்ணன் கை கழுவும்போது, வந்துருச்சு என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவனும் சரி என்று துண்டில் துடைத்துக்கொண்டு போய்விடுவான். அலுவலகமே சொல்லிவிட்டது, எதுவும் செய்யத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும். அதைத்தான் ஊரே சொல்கிறது, அதைச் செய்துவிட்டுப் போகலாம். கீழே இரண்டு பொத்தான்களும் இன்னும் இருந்தன. மற்றவள் ஏன் அப்படிச் செய்தாள். அத்தனை சரியாகப் போட்டுவிட்டு. பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை, அதுதான். குழலிக்கு அது யாரும் சொல்லாமலே தெரியும். போன தொகுப்பில் சிவப்பைக் கண்டதும் இவளும் அப்படித்தான் அழுத்தினாள். கை தானாக இடது பக்கம், தவறு என்ற பொத்தானுக்குப் போனது. யாராவது நிமிர்ந்து பார்த்தாலே வாயில் சாரி வருகிற மாதிரி. பிறகு ஆற அமரப் பார்த்தபோது இவள் போட்டதுதான் சரி. அதற்குள் தொகுப்பு மூடிவிட்டது. எங்கேயோ ஒருவருக்கு இதே பச்சை வந்திருக்கும். அவரும் தாளைப் பார்த்திருப்பாரோ, பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருப்பாரோ. இருந்திருக்கலாம். அவருக்கும் ஒரு திங்கட்கிழமை இருந்திருக்கும். இந்த மற்றவளுக்கும் என்ன திங்கட்கிழமையோ, யார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்ன சொன்னார்களோ. இப்போது எழுந்துபோய் அடுப்பங்கரையில் நிற்பாள். தப்பு என்னுடையதுதான் என்று நம்பிக்கொண்டே நிற்பாள். இனி ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை பார்ப்பாள். பார்க்கட்டும், எனக்கென்ன, நான் கேட்டேனா. நான் எதுவுமே செய்யவில்லையே. கவினுக்கு அறுபத்தெட்டு வயது என்று எங்கேயோ பதிந்துவிடும், பதியட்டும், தண்ணீர் என்ன வயதா கேட்கப்போகிறது. லில்லி மேரியின் வயது எங்கேயுமே இல்லை. குழலி தாளின் கடைசி வரிக்குப் போனாள். லில்லி மேரி, வயது இருபத்து நான்கு. தொழில், அந்தக் கோட்டின் நுனி.

வாசற்கதவு தட்டப்பட்டது. “கூரியர்” என்றது குரல். வியாழக்கிழமை வந்தவன்தான், அதே பெருமூச்சு கதவுக்கு அப்பாலும் கேட்டது. முன்னறையில் அம்மா புரண்டு படுத்தாள். “குழலி, மாடிக்குத்தான் வந்திருக்கும், வாங்கி வை.” திரையின் மூலையில் ஆறுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மறுபடியும் தட்டினான், இந்த முறை பலமாக. வீட்டுல யாரும் இல்லையா என்று கேட்டான். கால்கள் வழக்கம்போல எழுந்திருக்கத் தயாராகித் தரையில் ஊன்றின. அம்மா அவள் பெயரை முழுசாக, கொஞ்சம் கோபமாகக் கூப்பிட்டாள். குழலி எழுந்திருக்கவில்லை. அம்புக்குறியை இடது பக்கப் பொத்தானுக்குக் கொண்டுபோய் அழுத்தினாள்.